குந்துப்பேயின் எடை

காலை ஏழு மணிக்கே திடலுக்குப் போகும் பாதை அடைத்துவிட்டது. எங்கே பார்த்தாலும் பிக்கப் வண்டிகள். கட்டில் ஏற்றிய வண்டி, கருங்கல் ஏற்றிய வண்டி, ஆளுயரக் கண்ணாடி ஏற்றிய வண்டி, பழுதான இன்னொரு பிக்கப்பையே முதுகில் சுமந்து வந்த பிக்கப். எல்லாவற்றுக்கும் ஒரே சீக்கு. பின்பக்கம் தரையைத் தேய்க்க, முன்பக்கம் வானத்தை அண்ணாந்து பார்க்க, ஏதோ நல்ல சேதிக்குக் காத்திருக்கும் நாய்களைப்போல் வரிசையாகக் குந்தியிருந்தன.

நல்ல சேதி திடலின் நடுவே ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் பாரந்தாங்கியார். வெள்ளை வெளேரென்ற பட்டறை உடுப்பு. கழுத்தில் தொங்கும் ரப்பர் ஹாரன். கையில் கிரீஸ் அடிக்கும் துப்பாக்கி.

பாரம் ஏற்றினால் வண்டி ஏன் பின்னால் குந்துகிறது? அளவுக்கு மீறி ஏற்றினால் குந்தும். அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் களைத்துப்போனாலும் குந்தும். எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பட்டறையில் சொல்வதைக் கேட்க யார் விடியலில் எழுந்து வரப்போகிறார்கள்? பாரந்தாங்கியார் கண்டுபிடித்ததோ வேறு. பாரவண்டிகளின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத பேய் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதன் பெயர் குந்துப்பேய்.

"காலி வண்டியில மட்டும் அது ஏன் சாமி ஏற மாட்டேங்குது?" என்று ஒருநாள் கூட்டத்தில் ஒருவர் கேட்டுத் தொலைத்தார்.

"காலி வண்டியில அது எது மேல குந்தும்?" என்று திருப்பிக் கேட்டார் பாரந்தாங்கியார்.

கேட்டவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எவ்வளவு பெரிய விஷயம் தெரியாமல் இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறோம்!

பேயை விரட்டும் முறை இதுதான். வண்டியை ஒரு வெள்ளைக் கம்பத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆறு சீடர்கள் அதன் பின்தட்டில் ஏறி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு 'ஹூம், ஹூம்' என்று முனகுவார்கள். வண்டி இன்னும் நாலு விரல் கீழே இறங்கும். "பாருங்க! பேய் முழு உருவத்தையும் காட்டுது!" என்று அலறுவார் பாரந்தாங்கியார். கூட்டம் ஒரு அடி பின்வாங்கும். அந்த உயரத்தைக் கம்பத்தில் கோடு போட்டுக்கொள்வார். நாலு சக்கரத்துக்கும் திருக்கிரீஸ் அடிப்பார். பிறகு ஹாரனை ஓங்கிப் பிடித்து 'பாம்!' என்று ஒரே அமுக்கு. ஆறு சீடர்களும் தொப்பென்று குதிப்பார்கள். வண்டி நாலு விரல் எழும்பும். கோடு கீழே, வண்டி மேலே. பேய் ஓடியே போய்விட்டது!

ஆறு தடியர்கள் இறங்கினால் வண்டி எழும்பாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பீர்கள், ஏனென்றால் வசதியாக உட்கார்ந்து படிக்கிறீர்கள், கூட்டத்தில் நிற்கவில்லை. கூட்டத்துக்கு இதற்கான பதில் முன்கூட்டியே தரப்பட்டிருந்தது. சீடர்கள் ஆசையைத் துறந்தவர்கள். ஆசை போனால் எடையும் போய்விடும். ஆறு பேரும் சேர்ந்தால் ஒரு கோழி இறகு. பாரந்தாங்கியார் இதை விளக்கும்போதெல்லாம், மூன்றாவது சீடர் தன் தொப்பையை முன்னால் நிற்பவர் முதுகில் சாய்த்து அதற்குச் சற்று ஓய்வு கொடுப்பார்.

காணிக்கையாகக் காசு வாங்குவதில்லை. ஸ்டெப்னி டயர் ஒன்று போதும்.

"ஸ்டெப்னி வச்சிருக்கிறவன் யாரு? பஞ்சரை எதிர்பார்க்கிறவன். எதிர்பார்த்துக் காத்திருந்தா அது வராமப் போயிடுமா?"

திடலின் பின்பக்கம் டயர்கள் மலையாகக் குவிந்தன. வாரத்துக்கு ஒருமுறை ஒரு லாரி வந்து அந்த மலையை அள்ளிக்கொண்டு போகும். எங்கே? டயர்கள் முக்தி அடைவதாகக் கூட்டம் நம்பியது. இரண்டாங்கை டயர் கடை வைத்திருக்கும் பாரந்தாங்கியாரின் மச்சானும் அதைத்தான் நம்பினார்.

ஒரே ஒரு பத்தியம். விரட்டல் முடிந்து நாற்பது நாள் வண்டியின் அடியில் எந்த மெக்கானிக்கின் கையும் படக் கூடாது.

திடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு எடைமேடை. மண்ணோடு மண்ணாகப் பதித்த நீளமான இரும்புத் தளம். பக்கத்தில் ஒரு சின்ன அறை. அறைக்கு ஒரு ஜன்னல். கூரைமேல், ஓட்டுநர்கள் பார்ப்பதற்காக ஆளுயரச் சிவப்பு எண்கள் எரியும் பலகை. ஜன்னலுக்கு உள்ளே, அதே எண்களைக் காட்டும் சின்னப் பலகைக்கு எதிரே, எடைமேடைக்காரி. பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். "உள்ள வெறும் பஞ்சுதாம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்த வண்டிகள் இரும்பு எடை காட்டுவதைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பலகையைத்தான் பார்ப்பாள்.

அன்றைக்கு மேடைமேல் வந்து நின்றது அவளுடைய மாமாவின் பிக்கப். மாமா என்றால் அக்காவின் கணவர். ஒரு பொருட்காட்சிக் கம்பெனியின் குடை ராட்டினத்தைக் கழற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை ஒப்புக்கொண்டிருந்தார். வண்டியின் முதுகில் பன்னிரண்டு மரக்குதிரைகள். வால் பக்கம் ராட்டினத்தின் இரும்பு நடுத்தண்டும் மோட்டாரும். கொக்கியில் மாட்டிய இழுவைவண்டியில் ராட்டினக் கூரை. வண்டி குந்தியிருந்த குந்தலில் பன்னிரண்டு குதிரைகளும் மேகத்தைப் பார்த்துக் கனைத்தன.

"என்ன மாமா, குதிரையெல்லாம் பறக்கப் போகுதா?"

மாமா சிரிக்கவில்லை. இறங்கி வந்து ஜன்னலில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"ஏன் மாமா?"

"நேத்து சாமி கையால விரட்டிட்டு வந்தேன். கண்ணு முன்னால நாலு விரல் எழும்புச்சு. வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துறேன், மறுபடியும் குந்திக்கிச்சு. சாமிகிட்ட ஓடினேன். 'உன் சொந்தத்துல யாரோ சந்தேகக் கண்ணு வச்சிருக்காங்க'ன்னாரு. ராத்திரி பூரா யோசிச்சேன். நீதான்!"

"நான் உங்க வீட்டுப் பக்கம் வந்தே பத்து நாள் ஆச்சு."

"வழியில இந்த ஜன்னலைத் தாண்டித்தானே போனேன்! எட்டிப் பார்த்திருப்ப."

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "பார்த்திருந்தா மன்னிப்பு கேட்டுடுடி. நாளை மறுநாள் கிளம்பணும். நானும் கூடப் போறேன்."

"நீ எதுக்குக்கா?"

"மலைக்கு அந்தப் பக்கம் கடல் தெரியுமாம். இருபது வருஷமா இவர் அந்த வழியாத்தான் போறாரு வர்றாரு. நான் பார்த்ததே இல்லை."

இதற்குள் மேடைக்கு எதிரே இருந்த பட்டறையின் பட்டறைக்காரர் கையில் டார்ச்சோடு வந்து வண்டியடியில் குனிந்திருந்தார்.

"யோவ், தொடாதய்யா! பத்தியம்!" என்று மாமா பாய்ந்தார்.

"தொடலைங்க, பார்க்கத்தான் செய்றேன். பார்க்கக் கூடாதுன்னா சொன்னாரு?" பட்டறைக்காரர் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "வலப்பக்க ஸ்பிரிங் கட்டுல ஒரு பட்டை விரிசல் விட்டிருக்கும்மா. மத்த பட்டையெல்லாம் வளைவே இல்லாம நேராயிடுச்சு. கட்டு ரெண்டையும் புதுசா மாத்தி, மேல ஆளுக்கொரு துணைப்பட்டை போட்டு, இழுவைக்குன்னு ரெண்டு பக்கமும் பாரம் தாங்குற காத்துப்பை வைக்கணும். ஒரு நாள் வேலை. இப்படியே போனா முன்சக்கரம் தரையைத் தொடுறது சும்மா மரியாதைக்குத்தான். மலையிறக்கத்துல இவர் ஸ்டியரிங்கைத் திருப்புவாரு, வண்டி யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் திரும்பும்."

"மாமா, ஒரு நாள்தானே—"

"பட்டறைக்காரன் பட்டை மாத்தணும்னுதான் சொல்லுவான். பேயைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

அறிவுரைக்கு இந்த இடத்தில் வேலையில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அக்கா அந்தச் சீட்டில் உட்காரப் போகிறாள். ஸ்டெப்னிகூடக் கிடையாது. அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான்.

"சரி மாமா. என் கண்ணுதான், ஒத்துக்கறேன். பரிகாரம் பண்றேன். சாமியை நாளைக்கு இங்க கூட்டிட்டு வாங்க. விரட்டலை என் மேடைமேலயே நடத்தட்டும். குந்துப்பேய் எத்தனை கிலோன்னு இவ்வளவு பெருசா எழுதிக் காட்டுறேன். ஊரே பார்க்கட்டும்."

மாமாவின் கண்கள் விரிந்தன. "பேயோட எடையா?"

"எடைச் சீட்டும் அடிச்சுத் தர்றேன். தேதி, நேரம் எல்லாம் போட்டு."

இதைவிட வேறென்ன வேண்டும்? அரை மணி நேரத்தில் திடல் முழுக்க ஒரே பேச்சு. என் பேய் உன் பேயைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பாரந்தாங்கியார் முதலில் முகத்தைச் சுளித்தார். ஆனால் ஆளுயரச் சிவப்பு எண்களில் தன் பெருமை எரிவதைக் கற்பனை செய்ததும் சுளிப்பு தானாக விரிந்துவிட்டது. தவிர, வேண்டாம் என்று அந்தக் கூட்டத்திடம் யார் சொல்வது?

மறுநாள் காலை எடைமேடையைச் சுற்றி எள் போட்டால் எள் விழாது. இழுவைவண்டியைக் கழற்றி ஓரம் கட்டிவிட்டு மாமா பிக்கப்பை மேடையேற்றினார். சீடர்கள் ஆறு பேரும் பின்தட்டில் ஏறினார்கள். ஹூம், ஹூம். வண்டி இறங்கியது. பலகையில் 3260.

திருக்கிரீஸ் ஆயிற்று. பாம்! சீடர்கள் தொப்பென்று மேடைமேலேயே குதித்தார்கள். வண்டி நாலு விரல் எழும்பியது. கூட்டம் கையைத் தூக்கி ஆர்ப்பரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டது.

பலகையில் அதே 3260.

"சாமி, வண்டி எழும்பிடுச்சு. எடை குறையலையே?" என்றார் மாமா கலவரத்தோடு.

பாரந்தாங்கியார் ஒரே ஒரு கணம்தான் திணறினார். அந்தத் தொழிலில் ஒரு கணத்துக்குமேல் திணற முடியாது. "வண்டியை விட்டு இறங்கிடுச்சு! ஆனா ஓடலை! இங்கேயே, இந்த மேடை மேலேயே நிக்குது!"

முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசையின் கால்களை மிதித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"அப்போ மேடையை விட்டும் விரட்டிடுங்க சாமி" என்றாள் எடைமேடைக்காரி, ஜன்னலில் கன்னத்தை ஊன்றியபடி, பச்சைக் குழந்தை மாதிரி.

"சீடர்களே, துரத்துங்க!"

சீடர்கள் ஊளையிட்டுக்கொண்டு மேடையை விட்டு ஓடினார்கள். பலகை படபடவென்று இறங்கியது. 2770.

"நானூத்தித் தொண்ணூறு கிலோ!" என்று கத்தினார் மாமா. "அரை டன் பேயைக் கட்டி இழுத்திருக்கேன்யா!" அக்கா அழுதேவிட்டாள். எடைமேடைக்காரி சீட்டு அடித்து நீட்டினாள். மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்தது கருங்கல் வண்டி. ஹூம், பாம், ஓட்டம். நானூற்றுத் தொண்ணூறு.

அடுத்தது கட்டில் வண்டி. நானூற்றுத் தொண்ணூறு.

மூன்று சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கூட்டத்தில் லேசாக ஒரு முணுமுணுப்பு.

"எப்படிங்க சாமி எல்லாப் பேயும் ஒரே எடை?"

"பேய்க்குலத்துல எல்லாரும் சமம்" என்றார் பாரந்தாங்கியார். கூட்டம் நெகிழ்ந்தது. பேய்களிடமிருந்து மனிதர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

வெயில் ஏறியது. சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டார்கள். ஆசையைத் துறந்த சீடர்கள் ஆறு பேரும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து, பெல்ட்டுகளைத் தளர்த்திக்கொண்டு திரும்பினார்கள்.

இப்போது கண்ணாடி வண்டி. ஹூம் சற்று மந்தமாக ஒலித்தது. நடுவில் ஒரு ஏப்பமும் கேட்டது. பாம். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடை.

ஐந்நூறு.

"என்னோடது ஐந்நூறு!" என்று கண்ணாடிக்காரர் துள்ளினார். "எல்லாரையும்விடப் பெருசு!"

"அது எப்படி?" என்று கட்டில்காரர் சண்டைக்கு வந்தார். "சமம்னுதானே சொன்னாரு. உன் பேய் மட்டும் எப்படி பத்து கிலோ கூட?"

"மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்திருக்கும்" என்றார் பட்டறைக்காரர், யாரையும் பார்க்காமல்.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நடுவில் அறுத்துக்கொண்டு, மெதுவாகச் சீடர்கள் பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் திரும்பினார்கள்.

எடைமேடைக்காரி எழுந்து வெளியே வந்தாள். கண்ணாடி வண்டியைக் கீழே இறக்கச் சொன்னாள். மேடை காலி. பலகையில் பூஜ்யம்.

"சாமி, சீடர்களுக்கு எடையே கிடையாதுன்னீங்க. ஒவ்வொருத்தரா ஏறி நிக்கச் சொல்லுங்க. கடைசி வரைக்கும் பூஜ்யமே காட்டினா, இந்த வேலையை விட்டுட்டு நான் ஏழாவது சீடரா வந்து சேர்ந்துக்கறேன்."

"இதெல்லாம் சோதனை பண்ற விஷயம் இல்லை மகளே."

"ஏறட்டும் சாமி" என்றார் மாமா. அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கையில் இருந்த சீட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ஏறித்தான் காட்டட்டுமே. என் பொண்டாட்டி அந்த வண்டியில வர்றா."

கூட்டம் சீடர்களை நெருங்கி நின்றது. வேறு வழியில்லாமல் முதல் சீடர் நுனிக்காலால் மேடையேறினார், நுனிக்காலால் நின்றால் குறையும் என்பதுபோல. எழுபது. இரண்டாமவரும் அவர் பக்கத்தில் ஏறினார். நூற்றைம்பது. மூன்றாமவர் ஏறியதும் பலகையே ஒருமுறை யோசித்தது. இருநூற்றெழுபது. நாலு, ஐந்து. கூட்டம் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்தது. ஆறாமவர் ஏறினார்.

ஐந்நூறு.

கூட்டம் பாரந்தாங்கியார் பக்கம் திரும்பியது.

"பார்த்தீங்களா!" பாரந்தாங்கியார் இரண்டு கைகளையும் விரித்தார். "உங்க பாவமெல்லாம் அவங்க மேல ஏறிடுச்சு!"

"காலையில நானூத்தித் தொண்ணூறு பாவம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஐந்நூறு பாவமா?" என்றார் கட்டில்காரர்.

மூன்றாவது சீடர் தொப்பையைத் தடவிக்கொண்டு வாயைத் திறந்தார். பாவம், வெகுளி. "அது பாவம் இல்லைங்க. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்."

அதற்குப் பிறகு யாருக்கும் பாரந்தாங்கியாரோடு பேச நேரமில்லை. ஊரே டயர் மலையை நோக்கி ஓடியது. இது என்னுடையது, அது உன்னுடையது என்று உருட்டுவதும் இழுப்பதுமாகத் திடல் போர்க்களமானது. களேபரத்தில் பாரந்தாங்கியார் தன் சொந்த பிக்கப்பில், விளிம்பு வரை டயர்களை அடுக்கிக்கொண்டு பறந்தார். அவ்வளவு பாரத்திலும் அந்த வண்டியின் பின்பக்கம் ஒரு விரல்கூடத் தாழவில்லை.

"எப்படிய்யா அது மட்டும் குந்தலை?" என்று வாயைப் பிளந்தார் மாமா.

"போன மாசம் நான்தான் புதுப் பட்டையும் காத்துப்பையும் போட்டுக் கொடுத்தேன்" என்றார் பட்டறைக்காரர். "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

மாமா நேராக வண்டியைப் பட்டறைக்குள் விட்டார். வலப்பக்கக் கட்டைக் கழற்றிக் கீழே வைத்தபோது விரிசல் விட்ட பட்டை இரண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. அந்த இரும்புத் துண்டை மாமா வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், யாரும் சொல்லாமலே, நடுத்தண்டையும் மோட்டாரையும் வாலிலிருந்து முன்னால் தள்ளி, அச்சுக்கு நேராக மாற்றிக் கட்டினார். புதுக் கட்டுகளும் காத்துப்பையும் போட்டு முடிந்தபோது குதிரைகள் பன்னிரண்டும் மேகத்தை விட்டுவிட்டுச் சாலையைப் பார்த்தன.

ஒரு நாள் தாமதமாகத்தான் கிளம்பினார்கள். சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"கடல் பார்த்துட்டேன்டி! இவ்வளவு பெருசா இருக்கும்னு யாருமே சொல்லலையே!"

"மலையிறக்கம் எப்படிக்கா இருந்துச்சு?"

"கொண்டை ஊசி வளைவுல ஒரு மாடு குறுக்க வந்துச்சு. உங்க மாமா எந்தச் சாமியையும் கூப்பிடலை. பிரேக்கை மிதிச்சாரு, ஸ்டியரிங்கைத் திருப்பினாரு. வண்டி சொன்னபடி கேட்டுச்சு. மாடு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலை."

எடைமேடைக்காரி போனை வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். ஜன்னலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், வெளியே பிக்கப் வண்டிகளின் வரிசை. எல்லாம் குந்தியபடி. முன்னால் நின்றவர் கருங்கல்காரர். அவர் கைகளில், அரும்பாடுபட்டு மீட்ட அதே ஸ்டெப்னி. அதை பயபக்தியோடு ஜன்னல் திட்டில் வைத்தார்.

"அம்மா, பொய்ச் சாமியையே ஓட்டின மேடை இது. சக்தியெல்லாம் இதுலதான் இருக்கு. என் வண்டியை ஒரே ஒரு தடவை ஏத்தி இறக்கிக்கறேன். நீங்க ஒரு பார்வை பார்த்தாப் போதும், நிமிர்ந்துடும்."

அவருக்குப் பின்னால் நின்ற பதினேழு பேரும் தலையாட்டினார்கள்.

அவள் ஒரு அட்டையையும் தடித்த பேனாவையும் எடுத்து, தூரத்திலிருந்தும் தெரியும்படி எழுதி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள்:

'இங்கே எடை மட்டும் போடப்படும். மூளையை அவரவரே பயன்படுத்திக்கொள்ளவும்.'